திருவொற்றியூருக்குப் போன துளசி

எங்கள் லாரிக்கு முன்னால் நின்ற டிரெய்லரின் சக்கரம் என் நெஞ்சு உயரம் இருந்தது. அதற்கு முன்னால் இன்னொரு டிரெய்லர். அதற்கும் முன்னால் கண்ணுக்கு எட்டிய வரை கன்டெய்னர்கள். கடல் வலது கைப் பக்கம்தான் இருக்கிறது என்று டிரைவர் சொன்னார். கருங்கல் குவியலுக்கு அப்பால் சத்தம் கேட்டதே தவிர, கடலை நான் பார்க்கவில்லை. இரண்டு மணி நேரத்தில் லாரி நான்கு முறை நகர்ந்தது. ஒவ்வொரு முறையும் பின்னால் இருந்த டிரெய்லர் எங்களை முட்ட வருவது போல வந்து, பெருமூச்சு விட்டு நின்றது. நான் கதவுப் பிடியை விடவே இல்லை.

பின்னால் நாற்பது மூட்டை காய்ந்த துளசி. நத்தம் பக்கம் மலையடிவாரத்தில் எங்கள் பதினோரு குடும்பங்கள் சேர்ந்து விளைவித்தது. மூன்று வருடம் ரசாயனம் தொடாமல் நிலத்தைப் பழக்கி, இந்த அறுப்புக்குத்தான் முதல் முறையாக இயற்கை விவசாயச் சான்று கிடைக்கப் போகிறது. ஜெர்மனியில் ஒரு தேநீர்க் கம்பெனி வாங்குகிறது. செவ்வாய்க்கிழமை சான்று அதிகாரி திருவொற்றியூர் குடோனுக்கே வந்து, மாதிரி எடுத்து, கன்டெய்னருக்கு சீல் வைப்பார். அதுவரை மூட்டைகளோடு இருக்க ஆள் வேண்டும். சங்கத் தலைவி சகுந்தலா என்னைப் போகச் சொன்னபோது, வேறு யாரையாவது அனுப்பலாமே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் ஐந்தாவது வரை படித்தவன். அந்த ஐந்து வருடமும் பதில் தெரிந்திருந்தும் சொல்லாமல் நின்று அடி வாங்கியவன்.

“நாலே விஷயந்தாண்ணே” என்றார் சகுந்தலா. “மூட்டை தரையில படக் கூடாது. பக்கத்துல உரம், மருந்து இருக்கக் கூடாது. பூச்சி சாகட்டும்னு விஷப்புகை, அதான் கேஸ், போடக் கூடாது. இது மூணையும் அங்க இருக்கிறவங்ககிட்ட வாயத் தொறந்து சொல்லணும். நாலாவதுதான் முக்கியம்.”

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் குடோனுக்குள் நுழைந்தோம். எங்கள் ஊர் கல்யாண மண்டபத்தைப் போல நான்கு மடங்கு இருக்கும். சூப்பர்வைசர் காதில் போனை வைத்துக்கொண்டு மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார். அவர் பின்னாலேயே நடந்து, “சார், இதுக்குக் கேஸ் போடக் கூடாதுங்க” என்றேன். அவர் தலையை ஆட்டினார். எனக்கு ஆட்டினாரா, போனில் இருந்தவருக்கு ஆட்டினாரா என்று தெரியவில்லை. இன்னொரு முறை சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்ததில் அவர் வெளியே போய்விட்டார். பரவாயில்லை, ஒவ்வொரு மூட்டையின் வாயிலும் கேஸ் போடாதே என்று ஆங்கிலத்தில் அடித்த சீட்டைச் சகுந்தலா தைத்து அனுப்பியிருக்கிறாரே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மூட்டை இறக்கிய மேஸ்திரி பெயர் தேசப்பன். என் வயதுதான் இருக்கும். முதுகு பலகை மாதிரி. முதல் மூட்டையை அடுக்கியதுமே ஓடிப்போய் அதைத் திருப்பி வைத்தேன்.

“இன்னா நைனா, ஒயுங்காத்தானே வெச்சேன்?”

“வாய் உள்பக்கமா இருக்கணுங்க. வாசனை வெளிய போகாது.”

“வாசனையா? இங்கயா?” அவர் சிரித்துவிட்டு மற்ற ஆட்களிடம் கத்தினார். “மூட்டைங்கல்லாம் மூஞ்சியத் திருப்பிக்கினு குந்தணுமாம். நம்ம மேல கோவமா கீதாம்.”

சிரித்தாலும் நாற்பதையும் நான் சொன்னபடியே அடுக்கினார்கள். எங்கள் களத்தில் அப்படித்தான் அடுக்குவோம். வாயோடு வாய் வைத்து, அடிப்பக்கம் வெளியே தெரியும்படி. அப்படி வைத்தால் மூன்று மாதம் ஆனாலும் வாசனை குறையாது. அடுக்கி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது ஊரில் நிற்பது போல இருந்தது. பக்கத்தில் யாருடையதோ கொத்தமல்லி விதை மூட்டைகள் கூரை வரை இருந்தன. உரம் இல்லை, மருந்து இல்லை. நிம்மதியாக வெளியே வந்தேன். அந்த அடுக்கில் சகுந்தலாவின் சீட்டு ஒன்றுகூட வெளியே தெரியவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

கேட்டுக்கு எதிரே டீக்கடையில் தேசப்பன் எங்கள் விவசாயத்தைப் பற்றிக் கேட்டார். உயிராற்றல் வேளாண்மை என்று சகுந்தலா சொல்லும் பெயரைச் சொன்னேன். கன்று போட்ட மாட்டின் கொம்புக்குள் சாணத்தை அடைத்து ஐப்பசியில் மண்ணில் புதைப்போம், பங்குனியில் எடுத்தால் சாணம் காப்பித்தூள் மாதிரி ஆகிவிடும், வாடையே இருக்காது, அதில் ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் வலமும் இடமுமாகச் சுழி விழக் கலக்கி மண்ணில் தெளிப்போம், நிலா மேல்நோக்கிப் போகும் நாளில் இலை அறுப்போம் என்றேன். அவ்வளவு நேரம் நான் தொடர்ந்து பேசியது எனக்கே ஆச்சரியம்.

“கொம்பு, சாணி, நிலா. நைனா, நீ இன்னா மந்திரவாதியா?” என்றார் அவர். பிறகு டீயை உறிஞ்சிவிட்டு, “நிலா மேட்டர நான் ஒத்துக்கறேன். நான் மின்னாடி கடலுக்குப் போனவன். அமாவாசைல வலை ரொம்பும். பௌர்ணமில தண்ணி வெளிச்சமா கீதுன்னு மீனு டபாய்ச்சிடும்” என்றார்.

கொம்புச் சாணம் எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியாது. எங்கள் மண் உதிர்ந்து கையில் ஒட்டாமல் விழுவதைப் பார்த்திருக்கிறேன். துளசியின் வாசனை மாறியதும் தெரியும். சங்கத்தில் எனக்கு இருக்கும் மரியாதை மூக்கினால் வந்தது. எந்த வீட்டு இலை நிழலில் காய்ந்தது, எது அவசரப்பட்டு வெயில் பார்த்தது என்று ஒரு மூச்சில் சொல்லிவிடுவேன். பேசாத மனிதனுக்கு அது ஒன்றாவது இருந்தது.

சனியும் ஞாயிறும் குடோன் திறக்க மாட்டார்கள் என்று கேட்டில் இருந்த வாட்ச்மேன் சொன்னார். உள்ளே விடவில்லை. மூட்டையைப் பார்க்காமல் இருக்கப் பயமாக இருந்ததால், சனிக்கிழமை காலை சுற்றுச்சுவரின் பின்பக்கம் நிழலில் போய் உட்கார்ந்துகொண்டேன். சுவரை ஒட்டித்தான் குடோன். தலைக்கு மேலே சின்ன ஜன்னல். தூரத்தில் ரோட்டு முனையில் தண்ணீர் லாரி வந்தது. பெண்கள் பிளாஸ்டிக் குடங்களோடு ஓடினார்கள். ஒருத்தி இன்னொருத்தியிடம், “உன் குடம் இன்னா கவர்மெண்ட் குடமா, மின்னால போறதுக்கு?” என்று கேட்டாள். எங்கிருந்தோ மீனும் பூண்டும் கலந்த வாடை வந்தது. யார் வீட்டிலோ காலையிலேயே குழம்பு வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கடற்கரை ஊர் அல்லவா. பத்து மணி அளவில் தலை வலித்தது. வெயில் என்று நினைத்து எழுந்துவிட்டேன்.

மத்தியானம் ராயபுரத்தில் இறங்கி, தேசப்பன் சொல்லியிருந்த அத்தோ கடையைத் தேடிப்போய்ச் சாப்பிட்டேன். நூடுல்ஸையும் முட்டைக்கோஸையும் வெங்காயத்தையும் கையாலேயே பிசைந்து, புளித்தண்ணீர் விட்டு, மேலே தட்டையை நொறுக்கிப் போட்டுத் தருகிறார்கள். பர்மாவிலிருந்து வந்தவர்களின் சாப்பாடாம். கூடவே வாழைத்தண்டு சூப். சூப் நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் கேட்கத் தயங்கி எழுந்து வந்துவிட்டேன். திரும்பும்போது தப்பான பஸ்ஸில் ஏறினேன். அது தண்டையார்பேட்டைக்குள் வளைந்து எங்கோ போனது. கண்டக்டரிடம் கேட்காமலே கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தேசப்பன் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். அவர் வீடு எண்ணூரில். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கொடியில் காய்ந்த துணிகளைப் பார்த்தேன். வெள்ளை வேட்டி சாம்பல் பூத்திருந்தது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் என்றார். அவர் மனைவி மல்லிகா பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் இருமல் இரண்டாக வெட்டியது.

“பயப்படாத நைனா, ஒட்டிக்காது” என்றார் மல்லிகா. “இது ஊரு குட்த்தது. ஒரு தபா ராத்திரில எங்கியோ கேஸ் லீக்காயி, எல்லாரும் கட்டின துணியோட ரோட்டுக்கு ஓடினோம். அன்னிலேந்து கீது.”

தட்டில் சோறு போட்டு, சங்கரா மீன் குழம்பை ஊற்றினார். பூண்டை நசுக்கி அப்படியே போட்டிருந்தார். ஏதாவது பாராட்டிச் சொல்ல வேண்டுமே என்று எனக்கு ஒரு வாக்கியம் கிடைத்தது.

“நேத்து குடோன் பின்னாடி உட்கார்ந்திருந்தப்ப இதே மாதிரி வாசனை வந்துச்சுங்க. பூண்டும் மீனுமா. பசியைக் கிளப்பிடுச்சு.”

தேசப்பனின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

“எங்க குந்திக்கினு இருந்த?”

“சுவரோரமா. ஜன்னலுக்குக் கீழ.”

“அங்க வூடே கெடையாதேய்யா. எவன் கொயம்பு வெப்பான்?” அவர் எழுந்துவிட்டார். “மல்லி விதைக்கு மாத்திரை போடணும்னு சொல்லிக்கினு இருந்தானுங்க. அது பூச்சி மாத்திரை நைனா. காத்து பட்டா கேஸா மாறும். பூண்டு வாட, அழுகின மீன் வாட, அப்டித்தான் அடிக்கும். மோந்தா ஆளே பூடுவான்.”

தட்டை அப்படியே வைத்துவிட்டு அவர் பின்னால் எழுந்தேன். கை கழுவியதாகக்கூட நினைவில்லை.

ஷேர் ஆட்டோக்காரர் ஆள் நிரம்பாமல் எடுக்க மாட்டேன் என்றார். இன்னும் இரண்டு பேர் வேண்டுமாம். “என்னை மூணு ஆளா நெனச்சுக்கினு எட்றா வண்டிய” என்று தேசப்பன் அதட்டினார். பாதி வழியில் டிரெய்லர் வரிசை மறித்தது. இறங்கி ஓடினோம். முதல் நாள் பயந்து ஒதுங்கிய அந்தச் சக்கரங்களுக்கு இடையில் உடம்பை ஒடுக்கி ஓடினேன். பயம் அப்போது வேறிடத்தில் இருந்தது.

வாட்ச்மேன் எங்களை உள்ளே விட்டார். குடோனின் ஷட்டரில் மண்டை ஓடு படம் போட்ட அட்டை தொங்கியது. இரண்டு நாளாகக் கேட்டுக்கு வெளியே இருந்த எனக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. தேசப்பன் சூப்பர்வைசருக்குப் போன் போட்டு ஏக வசனத்தில் பேசினார். பிறகு என்னிடம் திரும்பி, “தார்ப்பாய் மல்லி மேல மட்டுந்தான்றான். ஒன்னோடது உள்ள மாட்டிச்சா இல்லியான்னு அவனுக்கே தெர்ல. நாளைக்குக் காலீல தொறக்க ஏற்பாடு பண்றானாம்” என்றார்.

அன்று மாலை சகுந்தலா போனில் கூப்பிட்டார். “மூட்டையெல்லாம் பத்திரமாண்ணே?”

“பத்திரம்மா” என்றேன். அந்த ஒரு சொல் அவ்வளவு சுலபமாக வந்தது. அதன் பிறகு லாட்ஜ் அறையில் உட்கார முடியவில்லை.

திங்கள்கிழமை முகமூடி போட்ட ஒருவர் முதலில் உள்ளே போனார். எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்து, மத்தியானம் வரை எங்களை அண்ட விடவில்லை. பிறகு போய்ப் பார்த்தேன். கொத்தமல்லியை மூடிய தார்ப்பாய் அதோடு நிற்கவில்லை. இழுத்து மூட வசதியாக எங்கள் அடுக்கின் ஓர வரிசையையும் சேர்த்துத் தார்ப்பாயை இறக்கி, சுற்றிலும் மணல் நிரப்பிய துணிக்குழாய்களைப் பாரமாக வைத்திருந்தார்கள். உள்ளே எங்கள் மூட்டைகள் எட்டு. அதில் ஐந்து எங்கள் சங்கத்து மாரியப்பன் வீட்டுடையது. அவருக்கு இருப்பது அரை ஏக்கர். ஐந்து மூட்டைதான் அவருடைய மொத்த அறுப்பு.

“சீட்டு எதுவும் வெளிய தெரியலியே” என்றார் சூப்பர்வைசர். “எங்க ஆளுக்கு எப்டித் தெரியும்?”

வாயை உள்பக்கம் திருப்பச் சொன்னது நான்.

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் வேலை போய்விடும் என்ற பயம். எட்டு மூட்டைகளையும் காற்றாட வைத்து, சாயங்காலம் மறுபடி அடுக்கிலேயே சேர்க்கச் சொன்னார். இந்த முறை சீட்டு வெளியே தெரியும்படி. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “கேஸ் பறந்து போயிடும் பெரியவரே. நாளைக்கு அந்த மேடம் வந்தா பேசாம நில்லுங்க, அது போதும். சொன்னீங்கன்னா எட்டு மூட்டையோட நிக்காது, நாப்பதுக்கும் சான்று குடுக்க மாட்டாங்க” என்றார்.

பேசாமல் நிற்பது. என்னிடம் இதைவிடச் சுலபமான காரியத்தை யாரும் கேட்டதில்லை.

எல்லோரும் போன பிறகு மாரியப்பனின் ஒரு மூட்டையில் தையலை விலக்கி மூக்கை வைத்தேன். துளசி வாசனை. கிராம்பு போன்ற காரமும், கடைசியில் லேசான இனிப்பும். வேறு எதுவும் இல்லை. அடுத்த மூட்டை, அதற்கு அடுத்தது, எல்லாமே அப்படித்தான். நல்ல இலை என்றது என் மூக்கு. அந்த ஐந்து நாளில் நான் மிகவும் பயந்தது அப்போதுதான். சனிக்கிழமை விஷத்தைக் குழம்பு என்று சொன்னதும் இதே மூக்குதான். ஜெர்மனியில் யாரோ இருமலுக்கு இதைக் கொதிக்க வைப்பார்கள். என் மூக்கை நம்பி.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குச் சான்று அதிகாரி வந்தார். முப்பது வயதுப் பெண். தோளில் பை, கையில் காகித அட்டை. அடுக்கைச் சுற்றி வந்து, சீட்டுகளைப் படித்து, என்னைப் பார்த்தார்.

“நீங்கதான் கூட இருந்தீங்களா? வந்ததுலேருந்து மூட்டையெல்லாம் இப்படியேதான் இருக்கா?”

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். தேசப்பன் தரையைப் பார்த்தார். பதில் தெரிந்தும் நின்றுகொண்டிருக்கும் அந்த நிலை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு மூட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

“இல்லைங்க” என்றேன். “எட்டு மூட்டைக்குக் கேஸ் பட்டிருச்சு. வாய் உள்பக்கமா அடுக்கச் சொன்னது நான். அதனால சீட்டு தெரியல. மத்ததுக்குப் பட்டுச்சா இல்லையான்னு எனக்குத் தெரியலைங்க.”

அவர் வெகுநேரம் எழுதினார். எட்டு மூட்டைகளையும், அவற்றைத் தொட்டுக்கொண்டிருந்த நான்கையும் தள்ளி வைக்கச் சொன்னார். மீதி இருபத்தெட்டிலும் பிடிபிடியாக எடுத்து, விரித்த தாளில் கலந்து, ஒரு பங்கை ஆய்வகத்துக்குக் கட்டிக்கொண்டார். முடிவு வந்த பிறகுதான் சான்று, அதுவரை கன்டெய்னர் இல்லை என்றார். தாளில் மிஞ்சியது மறுபடி மூட்டைக்குள் போகக் கூடாதாம். ஒரு கிலோ இருக்கும். துணிப்பையில் போட்டு என் கையில் கொடுத்தார்.

சகுந்தலாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பத்திரம் என்று பொய் சொன்னதையும். பன்னிரண்டு மூட்டையும் யார் யாருடையது என்று அவர் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, “மாரியப்பண்ணன்கிட்ட நீங்களே சொல்லிருங்க” என்று மட்டும் சொன்னார். சொன்னேன். மாரியப்பன் எதுவும் கேட்காமல் போனை வைத்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பன்னிரண்டு மூட்டைகளையும் ஊருக்கு ஏற்றும்போது மல்லிகா தேசப்பனுக்குச் சாப்பாடு கொண்டு வந்தார். லாரியைப் பார்த்துவிட்டு, “வேணான்னு தள்ளினதுதானே நைனா. இருமலுக்கு ரெண்டு பிடி குடேன்” என்றார்.

“வேண்டாம்மா. இதுல கேஸ் பட்டிருக்கு.”

“அப்ப கையில கீற பை?”

“இது பட்டிருக்காதுன்னு நினைக்கிறேன். ஆனா ரிசல்ட் வரணும்.”

மல்லிகா சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாக மாறி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு திரும்பியதும், “நாங்க டெய்லி மூச்சுல இஸ்துக்கினு கீறதுக்கு எவன்யா ரிசல்ட் பாக்கறான்?” என்றார்.

தேசப்பன், “வுடு, அவரே பேஜாராயி கீறாரு” என்றார். நான் லாரியில் ஏறிக்கொண்டேன்.

முடிவு வர ஒன்பது நாள் ஆனது. இருபத்தெட்டு மூட்டையும் சுத்தம் என்று வந்தது. அவை கப்பல் ஏறின. பன்னிரண்டு மூட்டைகளை ஊருக்கு வெளியே தரிசில் குழி வெட்டிப் புதைத்தோம். எங்கள் நிலத்தில் உரமாகக்கூட அதைப் போட முடியாது. மாரியப்பன் குழிக்கு வந்தார், மண்வெட்டி பிடித்தார், என் பக்கம் திரும்பவில்லை. அடுத்த அறுப்பில் என் பங்கில் ஐந்து மூட்டை அவருக்கு என்று கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன்.

அந்தத் துணிப்பை என்னிடம் இருந்தது. முடிவு வந்த அன்றே தேசப்பனுக்குப் போன் செய்து, மல்லிகாவுக்கு இலை வருகிறது என்று சொல்லிவிட்டேன். தபாலில் அனுப்பிவிடலாமே என்று சகுந்தலா கேட்டார். அந்த ரோட்டை நினைத்தால் எனக்கு இன்றும் உள்ளங்கை வேர்க்கிறது. ஆனால் தபால் பை எந்தக் குடோனில், எதன் பக்கத்தில், எத்தனை நாள் கிடக்கும் என்று யாருக்குத் தெரியும்?

நானே கொண்டு போகிறேன் என்றேன்.